ஆண்டீஸ் மலையில் குழுவாக பைக் ஓட்டும்போது: கோளாறு எங்கே தெரிகிறது, எங்கே இருக்கிறது

தெற்குப் பெருவில் நான் குழுவோடு போன சுற்று இது. அரெகிபாவில் கிளம்பி, கோல்கா பள்ளத்தாக்கில் உள்ள சிவாய், டிட்டிகாகா ஏரிக்கரையில் பூனோ, அங்கிருந்து லா ராயா கணவாய் வழியாக குஸ்கோ. பிறகு ஒயான்டைடம்போவிலிருந்து ஆப்ரா மாலகா கணவாயைத் தாண்டி சாந்தா மரியா வரை இறங்கி, திரும்பி வந்து அபன்காய், நாஸ்கா. எட்டு வண்டி, எட்டுப் பேர்.

கிளம்பும் முன் உயரங்களை ஒரு தாளில் எழுதி டேங்க் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அரெகிபா 2,335 மீட்டர். அங்கிருந்து சிவாய் 160 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் வரும் பதபம்பா கணவாய் 4,910 மீட்டர். சிவாய் 3,635. பூனோ 3,827. லா ராயா 4,300-க்கு மேல். குஸ்கோ 3,400. ஒயான்டைடம்போ 2,792. ஆப்ரா மாலகா 4,316. நாஸ்கா வெறும் 520. வழியில் வரும் கோளாறுகளில் பலவற்றுக்கு விடை இந்தத் தாளிலேயே இருக்கிறது.

எந்தப் புகார் வந்தாலும் நான் பார்க்கும் வரிசை ஒன்றுதான். முதலில் உயரம், அடுத்து ஆள், கடைசியில் வண்டி. பழக்கத்தில் எல்லாரும் வண்டியில்தான் கை வைப்பார்கள். அதனால்தான் ரோட்டோரம் ஒரு மணி நேரம் போகும், கோளாறு அப்படியே இருக்கும்.

"வண்டி இழுக்கவே மாட்டேங்குது"

பதபம்பா ஏற்றத்தில் முதலில் வரும் புகார் இது. நாலாவது கியரில் போன வண்டி மூன்றுக்கு இறங்கும், பிறகு இரண்டுக்கு. ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கினாலும் சத்தம்தான் கூடும், வேகம் கூடாது.

டூல் கிட்டை இன்னும் திறக்க வேண்டாம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்றே மேல். உள்ளே போகும் காற்று குறைந்தால் இன்ஜினின் சக்தியும் அந்தக் கணக்கில் குறையும். சென்னைக்குப் பக்கத்தில் தயாரான ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-க்குச் சுமார் 24 குதிரைத்திறன் என்று கணக்கு. பதபம்பாவில் அது 14-ஐ ஒட்டித்தான் நிற்கும். 150, 190 சிசி வண்டி என்றால் இரண்டாவது கியரில் பொறுமையாக ஏறுவதுதான் வழி. இதை முதல் நாள் காலையிலேயே எல்லாரிடமும் சொல்லிவிட்டால் மேலே போய் யாரும் பதற மாட்டார்கள்.

உயரத்தால் வரும் தளர்ச்சி வழவழப்பாக இருக்கும். வண்டி திணறாது, வெட்டாது, சும்மா பலம் மட்டும் இருக்காது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் இப்படித்தான் தெரியும், ஏனென்றால் அழுத்தம் பார்க்கும் சென்சார் பெட்ரோலைத் தானே குறைத்துவிடும். வண்டி வெட்டி வெட்டிப் போனாலோ, பின்னால் கறுப்புப் புகை வந்தாலோ, நின்ற இடத்தில் ஆஃப் ஆனாலோ, பெட்ரோல் வாடை அடித்தாலோ அது கார்புரேட்டர் வண்டியாக இருக்கும். காற்று குறைந்துவிட்டது, பெட்ரோல் பழைய அளவிலேயே வருகிறது.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உறுதியாகிவிடும். வண்டி ஆறட்டும். பிளக் தொப்பியை முறுக்கி எடுத்து, சுற்றியிருக்கும் மண்ணை ஊதிவிட்டு, ஸ்பேனர் போட்டுத் திருப்புங்கள். சரியான பிளக்கின் முனையில் வெள்ளைப் பீங்கான் டீத்தூள் கலந்த பால் நிறத்துக்கு வந்திருக்கும். இந்த வண்டியில் அது அடுப்புக்கரி மாதிரி கறுப்பாக, தொட்டால் விரலில் ஒட்டும் பொடியோடு இருக்கும். துணியால் துடைத்துத் திரும்பப் போட்டால் அன்றைக்கு ஓடும். நாலைந்து நாள் உயரத்திலேயே ஓட்டப் போகிறீர்கள் என்றால் மெயின் ஜெட்டை, அதாவது பெட்ரோல் வரும் துளைத் திருகை, ஓரிரு அளவு சின்னதாக மாற்றுவதுதான் சரி. ஆனால் நாஸ்காவுக்கு இறங்கும் முன் பழைய ஜெட்டை மறக்காமல் திரும்பப் போடவேண்டும், இல்லாவிட்டால் கீழே பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடேறும். ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். அந்த மலைத் தூசி மாவு மாதிரி, சிலிண்டருக்குள் போனால் திரும்ப வராது.

குழுவாகப் போவதில் ஒரு வசதி உண்டு. ஒரே மாடல் வண்டி இரண்டு இருந்தால், புகார் சொல்பவரையும் மற்றவரையும் பத்து கிலோமீட்டருக்கு மாற்றி ஓட்டச் சொல்லுங்கள். புகார் வண்டியோடு தங்கினால் ஃபில்டரையோ கிளட்ச்சையோ பார்க்கலாம். புகார் ஆளோடு கூடவே போனால், பார்க்க வேண்டியது அந்த ஆளை.

"தலை கனமா இருக்கு, பரவாயில்லை"

இந்தப் பட்டியலில் ஆபத்தானது இதுதான், அதிலும் அந்த "பரவாயில்லை". உயரத்தால் வரும் இந்த நோய்க்குப் பெருவில் சொரோச்சே என்று பெயர், ஒவ்வொரு கடைக்காரருக்கும் தெரிந்த சொல். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கம் வராமை. குழுவில் யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். தன்னால் மற்ற ஏழு பேரின் பயணம் நிற்கக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான் காரணம். அதனால் அவர்கள் வாயை நம்பாமல் கையைப் பாருங்கள்.

சிவாயில் எங்களோடு வந்த ஒருவர், பதினைந்து வருஷமாக பைக் ஓட்டுபவர், விடுதி முற்றத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டாண்ட் போடாமலே இறங்கினார். வண்டி அவர் மேலேயே சாய்ந்தது. அதற்கு ஒரு மணி நேரம் முன்பு இண்டிகேட்டரை அணைக்காமல் நெடுந்தூரம் வந்திருந்தார். ஹெல்மெட் பட்டை மாட்டாமல் தொங்கியது. இரவு கினுவா சூப்பைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார், ஒரு வாய் குடிக்கவில்லை. கேட்டால், "அசதி, தூங்கினா சரியாயிடும்" என்றார். நாலு அறிகுறியும் கண் முன்னால் வரிசையாக வந்தும் நான் கோத்துப் பார்த்தது சூப்பைப் பார்த்த பிறகுதான்.

லேசான தலைவலி மட்டும் என்றால், அன்று அதற்கு மேல் ஏறக்கூடாது. தண்ணீர், ஓய்வு, பாராசிட்டமால். மது வேண்டாம், தூக்க மாத்திரை வேண்டாம். மறுநாள் காலை தெளிந்தால் போகலாம். தெளியவில்லை என்றால் இன்னொரு நாள் அங்கேயே. விடுதிகளில் கொடுக்கும் கோக்கா இலைத் தேநீர் இதமாக இருக்கும், ஆனால் நோயைத் தீர்க்காது. பெருவில் அது சட்டப்படி சரி. ஊருக்கு எடுத்துவர நினைக்காதீர்கள்; இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி கோக்கா இலை குற்றம்.

நடை தள்ளாடினால் கதை வேறு. தரையில் ஒரு கோடு போட்டு, குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால், பேச்சு குழறினால், மூளையில் வீக்கம் ஆரம்பித்திருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் விடாமல் வந்தால், சளியில் ரத்தச் சாயல் தெரிந்தால், நுரையீரலில் நீர். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: உடனே ஆக்சிஜன், உடனே கீழே. விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. அவரை பைக்கில் ஏற்றவும் கூடாது, கார் வேண்டும். மருத்துவ அவசரத்துக்கு 106.

வரைபடத்தைப் பார்த்து ஏமாறும் இடம் இங்கேதான். சிவாயிலிருந்து அரெகிபா கீழே இருக்கிறது என்று கிளம்பினால், முதலில் 4,910 மீட்டர் உயரம் வரை ஏறித்தான் இறங்க வேண்டும். நோயாளியை ஆக்சிஜன் இல்லாமல் அந்த வழியில் கொண்டுபோவது பெரிய தவறு. அதனால் இந்தப் பிரச்சினையை சிவாயில் தீர்ப்பதைவிட அரெகிபாவிலேயே தடுப்பது நல்லது. மூவாயிரம் மீட்டருக்கு மேல் போன பிறகு, இரவு தங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அரெகிபாவிலிருந்து சிவாய்க்கு ஒரே நாளில் 1,300 மீட்டர் கூடுகிறது. ஆகவே அரெகிபாவில் மூன்று இரவு, சிவாயில் இரண்டு இரவு தங்குங்கள். விமானத்தில் நேராகக் குஸ்கோவில் இறங்கும் குழு என்றால், அன்றே ஒயான்டைடம்போவுக்கோ உருபம்பாவுக்கோ இறங்கித் தூங்குங்கள். குஸ்கோவை விட அறுநூறு மீட்டர் தாழ்வு. உயர நோயைத் தடுக்க உதவும் அசிட்டசோலமைடு மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அவரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

"கடைசி வண்டி எங்கே?"

கண்ணாடியில் பார்த்தால் ஆறு விளக்குதான் தெரிகிறது, ஏழாவது இல்லை. அல்லது கடைசி ஆள் வளைவில் லாரியை முந்தி வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்கிறார். இரண்டும் ஒரே நோய். பார்க்கிறவர்கள் கடைசி ஆளைத்தான் திட்டுவார்கள். நோய் பெரும்பாலும் முன்னால் போகிறவரின் மணிக்கட்டில் இருக்கிறது.

லா ராயாவுக்கு ஏறும் வழியில் நானே இதைச் செய்தேன். 40-ல் ஊர்ந்த ஒரு சரக்கு லாரியை முந்தினேன், முன்னால் நேர்ச்சாலை, சந்தோஷத்தில் 80-க்குப் போனேன். எட்டாவது ஆளுக்கு முந்த வழி கிடைக்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த இரண்டு நிமிஷத்தில் எனக்கும் அவருக்கும் நடுவே ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல் விழுந்துவிட்டது. நான் 80-ல் போய்க்கொண்டே இருந்தால், அவர் 90-ல் வந்தாலும் எட்டு நிமிஷம் ஆகும். மலைப்பாதையில் எட்டு நிமிஷம் 90-ல் வருவது என்றால் எத்தனை வளைவு! அவர் கடைசியில் ஒரு வளைவில் எதிரே வந்த பேருந்துக்கு ஒரு முழம் தள்ளி வந்ததாக மாலையில் சொன்னார். எனக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லை.

தலைவர், அதாவது முன்னால் போகிறவர், லாரியை முந்தியதும் வேகத்தைக் குறைக்க வேண்டும், கண்ணாடியில் கடைசி விளக்கு தெரியும் வரை 50-க்கு மேல் போகக்கூடாது. அனுபவம் குறைந்தவரை நடுவிலோ கடைசியிலோ விடாதீர்கள், தலைவருக்கு அடுத்து இரண்டாவதாக வையுங்கள். குழுவின் வேகம் தானாக அவர் வேகத்துக்கு வந்துவிடும். கடைசி ஆள் குழுவிலேயே கை தேர்ந்தவராக, பஞ்சர் கிட்டும் முதலுதவிப் பையும் வைத்திருப்பவராக இருக்கவேண்டும்.

சாலை பிரியும் இடங்களில் எங்களுக்குக் கைகொடுத்தது இந்த முறை. பிரிவில் தலைவர் கையால் ஓர் இடத்தைக் காட்டுவார். அவருக்குப் பின்னால் வரும் இரண்டாவது ஆள் அங்கே ஓரமாக நிற்பார், வருகிறவர்களுக்கு வழி காட்டுவார். கடைசி ஆள் வந்த பிறகு அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த பிரிவில் வேறொருவர். இதில் யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை. ஆளுக்கு ஆள் நடுவே ஐந்து கிலோமீட்டர் இருந்தாலும் வழி தவறாது. ஒரே நிபந்தனை, நிறுத்தப்பட்டவர் கடைசி ஆளைப் பார்க்காமல் அங்கிருந்து நகரவே கூடாது. மழை வந்தாலும், பசித்தாலும். ஒருவர் "எல்லாரும் போயிருப்பாங்க" என்று நினைத்துக் கிளம்பினால் மொத்த ஏற்பாடும் உடைந்துவிடும்.

இடைவெளியைப் பற்றி ஒரு வார்த்தை. நேர்ச்சாலையில் இடம் வலம் மாற்றி மாற்றி, வளைவுகளில் ஒற்றை வரிசை. 60-ல் போகும்போது இரண்டு விநாடி இடைவெளி என்றாலே வண்டிக்கு வண்டி 33 மீட்டர். எட்டு வண்டிக்குக் கால் கிலோமீட்டர் நீளம். எட்டுக்கு மேல் ஆள் இருந்தால் குழுவை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். மண் சாலையில் முன்வண்டியின் தூசி அடங்கும் வரை விட்டுத்தான் போகவேண்டும், அது அரை கிலோமீட்டர் ஆனாலும் சரி.

"காலையில் ஸ்டார்ட் ஆகல"

ஜூன், ஜூலையில் சிவாயிலும் பூனோ பக்கமும் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். சீட்டில் பனி உறைந்திருக்கும். குளிரில் பேட்டரியின் பலம் குறையும். ஐந்து விநாடிக்கு மேல் சுவிட்சை அமுக்காதீர்கள், அரை நிமிஷம் விட்டு மறுபடி முயலுங்கள். கார்புரேட்டர் வண்டி என்றால் சோக் முழுசாக இழுத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல். முதல் நாள் இரவே வண்டிகளைக் காலை வெயில் படும் பக்கம் நிறுத்துவது பாதி வேலையை முடித்துவிடும். எட்டரை மணிக்கு முன் கிளம்பும் திட்டமே வேண்டாம். நிழல் விழுந்த வளைவுகளில் தண்ணீர் ஓடிய இடமெல்லாம் அதுவரை கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும்.

"பிரேக் லீவர் மெத்தென்று உள்ளே போகுது"

ஆப்ரா மாலகாவிலிருந்து சாந்தா மரியாவுக்கு இறங்கும்போது உயரம் சுமார் மூவாயிரம் மீட்டர் குறைகிறது. மேலே பனிக்காற்று, கீழே வாழையும் காப்பியும் விளையும் புழுக்கம். ஒரே இறக்கமாக இருப்பதால் கை பிரேக்கை விடவே விடாது. பிரேக் ஆயில் சூடேறிக் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால்தான் லீவர் மெத்தென்று போகிறது. புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரிக்குக் குறையாமல் தாங்கவேண்டும் என்பது அளவு. ஈரம் குடித்த பழைய ஆயிலுக்கு அந்த அளவு 155 டிகிரிதான். வாடகை வண்டியில் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று கேட்டு வாங்குங்கள். புட்டியின் கண்ணாடியில் ஆயில் தேன் நிறத்தைத் தாண்டிக் கறுத்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

இறக்கத்தில் நடந்துவிட்டால்: கியரைக் குறையுங்கள், லீவரை வேகமாக இரண்டு மூன்று முறை அடித்து அமுக்குங்கள், பின் பிரேக்கோடு ஓரம் கட்டுங்கள். அரை மணி நேரம் ஆறவிடுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும். மறுபடி கிளம்பும்போது ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கை அவ்வப்போது அழுத்தி விடுங்கள், பிடித்தே வைத்திருக்காதீர்கள்.

ஆறவிட்டும் ஒருவருக்கு மட்டும் திரும்பத் திரும்ப வந்தால், அவர் முன்வண்டிக்கு மிக நெருக்கமாக வருகிறாரா என்று பாருங்கள். முன்னவர் விளக்கு எரியும்போதெல்லாம் பின்னவரும் பிரேக் பிடிப்பார். இடைவெளி விட்டாலே அவர் பிரேக் ஆறிவிடும்.

அதே இறக்கத்தில் சாலையின் குறுக்கே ஓடைகள் ஓடும். கான்கிரீட்டில் பள்ளமாகக் கட்டி, தண்ணீரை மேலே ஓடவிட்டிருப்பார்கள். அங்கே இதற்கு படேன் என்று பெயர். ஆழம் இருக்காது, பாசிதான் வழுக்கும். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, வண்டியை நேராக்கி, உள்ளே இறங்கிய பின் பிரேக்கையும் கிளட்ச்சையும் தொடாமல் கடந்துபோங்கள். ஒருவர் கரையேறிய பிறகே அடுத்தவர் இறங்கவேண்டும். கடந்ததும் பிரேக்கை லேசாக இரண்டு முறை பிடித்துக் காயவிடுங்கள்.

"டயர்ல காத்து கூடிடுச்சு" அல்லது "குறைஞ்சுடுச்சு"

பஞ்சர் என்று டயரைத் தடவிப் பார்க்கும் முன் உயரத் தாளைப் பாருங்கள். கேஜ் காட்டுவது உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக் காற்றழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. அரெகிபாவில் 30 பிஎஸ்ஐ வைத்தால், பதபம்பாவில் வெளி அழுத்தம் குறைவதால் மட்டும் 33 காட்டும். குளிர் அதில் இரண்டைக் கழித்துவிடும். மேலே போய்க் காற்றை இறக்கிவிடாதீர்கள். குஸ்கோவில் 30 வைத்து நாஸ்காவுக்கு இறங்கினால் நேர்மாறாக நாலு குறையும். தங்கும் ஊரில், காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதே சரியான நேரம்.

ஒரு வண்டியில் மட்டும் குறைந்திருந்தால் அது பஞ்சர்தான். கம்பி போட்ட வீலில் பெரும்பாலும் டியூப் இருக்கும். டியூப்லெஸ்ஸுக்குச் சொருகும் ரப்பர் குச்சி அதில் உதவாது. குழுவில் எந்த வண்டிக்கு என்ன வீல், என்ன அளவு டியூப் என்று கிளம்பும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். 21 அங்குல முன் டியூபை அவசரத்துக்கு 19-லும் திணிக்கலாம். திருப்பிச் செய்ய முயலாதீர்கள். பஞ்சர் கடைக்குப் பெருவில் யாந்தேரியா என்று பெயர். ரோட்டோரம் பழைய டயரைச் சாய்த்து வைத்து அதில் வெள்ளை எழுத்தில் எழுதியிருப்பார்கள்.

"கிளட்ச் லீவர் தொங்குது"

கேபிள் அறுந்துவிட்டது. ஹூலியாகாவுக்கு முன்பு எங்களுக்கு நடந்தது. அந்த ஊரில் தெருவெல்லாம் மூன்று சக்கர மோட்டோடாக்ஸி. அதில் பஜாஜ் ஆட்டோவை அங்கே செல்லமாக தொரிதோ, அதாவது காளைக்குட்டி, என்று கூப்பிடுவார்கள். ஆட்டோ பட்டறை ஒன்றில் அறுந்த கேபிளைக் காட்டினோம். பட்டறைக்காரர் வேறொரு கேபிளை எடுத்து, நீளம் அளந்து வெட்டி, முனையில் ஈயக் குண்டு உருக்கி வைத்து, முக்கால் மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்தார். பெரிய ஷோரூமைத் தேடி அலையாதீர்கள். மலையூர்களில் உங்கள் வண்டியைக் காப்பாற்றுவது ஆட்டோ பட்டறைதான்.

"ரிசர்வுக்கு வந்துடுச்சு"

குழுவின் தூரம் என்பது சின்னத் தொட்டி வைத்திருப்பவரின் தூரம். அவருக்கு 200 கிலோமீட்டர் என்றால் எல்லாருக்கும் 150-ல் பங்க். பங்க்குக்கு அங்கே கிரிஃபோ என்று பெயர். விற்பது காலன் கணக்கில், ஒரு காலன் 3.785 லிட்டர். அபன்காயிலிருந்து நாஸ்கா வரை சுமார் 460 கிலோமீட்டர், நடுவே சல்வான்கா, புகியோ இரண்டு ஊரையும் நிரப்பாமல் தாண்டாதீர்கள். புகியோவுக்குப் பின் லாமா இனத்தைச் சேர்ந்த விகூனாக்கள் மேயும் பம்பா கலேராஸ் மேட்டுவெளி, எதிர்க்காற்று அதிகம், வண்டி வழக்கத்தைவிடக் கூடக் குடிக்கும்.

"ரோடு மூடிக் கிடக்கு"

மழைக்காலம் டிசம்பரிலிருந்து மார்ச் வரை. அப்போது மலை சரிந்து சேறும் கல்லுமாக ஓடிவரும், அதற்கு உவாய்கோ என்று பெயர். முதல் சரிவுக்குப் பின்னாலேயே இரண்டாவது வரலாம். சேறு ஓடிக்கொண்டிருக்கும்போது பைக்தானே, ஓரமாகப் போய்விடலாம் என்று நினைக்கவே வேண்டாம். மேட்டுப் பக்கம் திரும்பிப் போய்க் காத்திருங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் லாரி ஓட்டுநரிடம் "ஐ பாஸோ?" என்று கேட்டால் போதும், வழி இருக்கிறதா என்று அர்த்தம்.

இன்னொரு வகை, ஊர்மக்கள் கல்லும் மரமும் போட்டு மறிக்கும் மறியல், பாரோ என்பார்கள். 2022 டிசம்பர் 7-ஆம் தேதி அதிபர் பெத்ரோ கஸ்தியோ பதவி நீக்கப்பட்ட பிறகு தெற்குப் பெருவின் சாலைகள் வாரக்கணக்கில் மறிக்கப்பட்டன. அது அவர்களுடைய நியாயம், அவர்களுடைய ஊர். இன்ஜினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, ஒருவர் மட்டும் நடந்துபோய் வணக்கம் சொல்லிக் கேளுங்கள். எட்டு வண்டியும் உறுமிக்கொண்டு போய் நிற்கக்கூடாது. விட்டால் தள்ளிக்கொண்டு போங்கள், விடாவிட்டால் திரும்புங்கள். அதற்காகவே திட்டத்தில் இரண்டு நாள் சும்மா இருக்கவேண்டும்.

"நாய், லாமா, வேகத்தடை"

நாய் துரத்தினால் வேகத்தைக் குறைத்து, அது குறிவைக்கும் கணக்கு தப்பியதும் விட்டு முறுக்குங்கள். உதைக்கக் காலைத் தூக்காதீர்கள். தலைவரைப் பார்த்து எழும் நாய் மூன்றாவது ஆளைத்தான் பிடிக்கும், ஆகவே பின்னால் வருகிறவர்களுக்குக் கைகாட்டுங்கள். லாமாவோ அல்பாக்காவோ ஒன்று கடந்தால் நில்லுங்கள், மந்தை பின்னாலேயே வரும். காதில் வண்ண நூல் கட்டியிருந்தால் பக்கத்தில் மேய்ப்பவர் இருக்கிறார், பெரும்பாலும் ஓர் அம்மா. அவர் கை காட்டும் வரை நகராதீர்கள். ஊர் எல்லைகளில் வேகத்தடைக்கு ரொம்பேமுவேயே என்று பெயர். வர்ணம் பூசாததும் உண்டு.

"கை மரத்துப் போச்சு, கிளட்ச் பிடிக்க முடியல"

மதியத்துக்குமேல் மேட்டுநிலத்தில் இடியும் ஆலங்கட்டியும் வரும். ஈரக் கையுறையோடு லா ராயாவைத் தாண்ட முயலாதீர்கள். மழைக்கோட்டை மழை வந்தபின் போடுவதில் பயன் இல்லை, மேகம் கறுத்ததும் போடுங்கள். ஒருவர் நடுங்குவதை நிறுத்திவிட்டு மந்தமாகப் பேசினால் அது நல்ல அறிகுறி இல்லை. அவரை ஓட்டவிடாமல் முதல் வீட்டுக்குள் கூட்டிப்போய் உலர்ந்த உடை, சூடான இனிப்புப் பானம்.

"ஒருத்தர் விழுந்துட்டார்"

எட்டுப் பேரும் ஓடிவராதீர்கள். அடுத்த விபத்து அங்கேதான் நடக்கும். இரண்டு பேர் விழுந்தவரிடம். ஒருவர் வளைவுக்குப் பின்னால் நூறு மீட்டர் நடந்துபோய் வரும் வண்டிகளை மெதுவாக்கட்டும். மற்றவர்கள் வளைவைத் தாண்டி ஓரமாக நிறுத்தட்டும். கழுத்து வலிக்கிறது என்றால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். மருத்துவ உதவிக்கு 106, போலீஸுக்கு 105, தீயணைப்புக்கு 116. பெருவில் எல்லா வண்டிக்கும் சோவாத் என்ற கட்டாயக் காப்பீடு உண்டு, மருத்துவச் செலவுக்கு அதைத்தான் முதலில் கேட்பார்கள். அதன் நகல் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கட்டும், வண்டிப் பெட்டியில் அல்ல.

அவர் எழுந்து, "எனக்கு ஒண்ணும் இல்ல, போலாம்" என்றாலும் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். அதிர்ச்சியில் வலி தெரியாது. வண்டியில் லீவர், கால்மிதி, ஹேண்டில் நேராக இருக்கிறதா, ஆயில் ஒழுகுகிறதா என்று பார்க்க அந்த அரை மணி நேரம் போதும். பிறகு அடுத்த ஊர் வரை அவர் இரண்டாவது இடத்தில், தலைவருக்குப் பின்னால்.

"ராத்திரி சாப்பாட்டில் யாரும் பேசல"

இதுவும் கோளாறுதான், ஐந்தாறு நாளில் வரும். வேகமாகப் போகிறவர்களுக்கு மெதுவாகப் போகிறவர்கள் மேல் எரிச்சல், மெதுவாகப் போகிறவர்களுக்கு அவமானம். சண்டையாக வெடிக்காது, சும்மா அடங்கிக் கிடக்கும். மறுநாள் ஒருவர் தேவையில்லாத இடத்தில் முந்துவார்.

முதலில் உயரத்தைப் பாருங்கள்: நாலு இரவாக 3,600-க்கு மேல் தூங்கினால் யாருக்கும் சரியாகத் தூக்கம் வந்திருக்காது, சிடுசிடுப்பு அதனால்கூட இருக்கலாம். பிறகு ஆளைப் பாருங்கள்: யார் சாப்பிடவில்லை, யார் தனியாகப் போய் உட்கார்கிறார். பூனோவில் எங்களுக்கு அப்படி ஆனபோது மறுநாள் கிளம்பவில்லை. வண்டிகளைப் பூட்டிவைத்துவிட்டு ஏரியில் படகேறி, மிதக்கும் கோரைத் தீவுகளைப் பார்த்துவிட்டு, மத்தியானம் பொரித்த டிரவுட் மீனும் சோறும் சாப்பிட்டுப் படுத்துத் தூங்கினோம். சாயங்காலம் விடுதி முற்றத்தில் ஒருவர் செயினுக்கு ஆயில் விட ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் போய் அவர் வண்டியின் பின்சக்கரத்தைச் சுற்றிவிட உட்கார்ந்தார்.